ஒரு மறுப்பும் இல்லாத சபை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் கண்களே. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்றைக்கு உங்களுக்கு ஓர் அரசியல் சாசனத்தின் கதையைச் சொல்லப்போகிறேன். அதற்குள் முகத்தைச் சுளித்தால் எப்படி? சாசனம் என்றதும் தடிப் புத்தகம் என்று நினைத்துவிட்டீர்கள். இதில் ஒரு மனுஷியும் அவள் புருஷனுடைய உயிரும் இருக்கின்றன. அந்த உயிர் தங்குமா போகுமா என்பதுதான் கதை. மற்றதெல்லாம் படித்த மனிதர்கள் அடித்த கூத்து.

மன்னார்க் கடல் ஏறி வந்து கரையோர ஊர்களை விழுங்கிய பிறகு நடந்தது இது. வீடு போன ஜனங்களுக்காகக் கடலுக்குள் இரும்புக் கால்களை ஊன்றி, அதன்மேல் ஒரு நகரத்தைக் கட்டினார்கள். முத்துத்திட்டு என்று பெயர் வைத்தார்கள். பெயரில்தான் முத்து. அடுக்கடுக்காகத் தகர அறைகள், குறுகலான நடைபாதைகள், கீழே பாசி வளர்க்கும் வலைகள், கடல்நீரைக் குடிநீராக்க இரண்டு இயந்திரங்கள். அவ்வளவுதான் நகரம்.

நகரம் என்றால் அரசு வேண்டும், அரசு என்றால் சாசனம் வேண்டும். பதினொரு அறிஞர்கள் ஒன்பது மாதம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அதை எழுதினார்கள். உலகத்துச் சாசனங்களையெல்லாம் படித்தவர்கள். ஒருவருக்குக்கூட முத்துத்திட்டில் ஒரு சொந்தக்காரர் கிடையாது. அதிகாரம் மக்களிடமே இருக்கும் என்று முதல் வரி எழுதினார்கள். சட்டம் இயற்றுவது ஓர் இடம், நிறைவேற்றுவது ஓர் இடம், சரியா தப்பா என்று பார்ப்பது ஓர் இடம். ஒன்று வழி தவறினால் மற்ற இரண்டும் பிடித்து இழுக்க வேண்டும் என்று அடுத்த வரி. இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. பிரதிநிதி என்று ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் அவன் ஜெயித்த மறுநாளே நம்மை மறந்துவிடுகிறானே, ஜனங்களே நேரில் வந்து உட்கார்ந்தால் பிழைப்பு கெட்டுவிடுகிறதே, என்ன செய்யலாம்? அவர்களில் ஒருவர் சொன்னார்: ஆளுக்கொரு நகல் செய்யலாம். ஒவ்வொருவரிடமும் அறுநூற்று நாற்பது கேள்வி கேட்டு, குரலையும் பதிந்துகொண்டால், அவர் எப்படி யோசிப்பாரோ அப்படியே யோசிக்கும் ஒரு மனசை இயந்திரத்துக்குள் வளர்த்துவிடலாம். ஊர் வேலைக்குப் போகட்டும், நகல் சபைக்குப் போகட்டும்.

எல்லோரும் கை தட்டினார்கள். சபையில் ஊரில் உள்ள அத்தனை பேருடைய நகலும். நிர்வாகக் குழுவுக்குச் சீட்டுக் குலுக்கி ஏழு நகல். நீதிமன்றத்துக்குச் சீட்டுக் குலுக்கி மூன்று நகல். லஞ்சம் வாங்கக் கை கிடையாது, கட்சி மாறக் கால் கிடையாது. உலகத்திலேயே தூய்மையான அரசு என்று பத்திரிகைகளில் வந்தது. சபை வாசலில் ஒரு பலகை வைத்தார்கள்: 'இருபத்திரண்டு ஆண்டுகள். ஒரு மறுப்பு ஓட்டும் இல்லை.' அந்த எண்ணை வருஷா வருஷம் அழித்து ஒன்று கூட்டி எழுதுவார்கள். பார்க்க வந்த வெளியூர் அறிஞர்கள் பலகையின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இத்தனை ஆயிரம் பேர் இருக்கும் ஊரில் இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தர்கூட 'மாட்டேன்' என்று சொல்லவில்லையே, இது எப்படி என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. ஒற்றுமை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஊரில் செபத்தியம்மாள் என்று ஒருத்தி. கீழ் வலைகளில் பாசி எடுக்கிற வேலை. புருஷன் அருளப்பன் தண்ணீருக்கடியில் முங்கி நகரத்தின் இரும்புக் கால்களுக்குப் பற்றவைப்பு வேலை செய்தவன். ஒருநாள் தகடு ஒன்று கழன்று அவனை நசுக்கியது. உயிர் மிஞ்சியது, சிறுநீரகம் மிஞ்சவில்லை. கட்டில் பக்கத்தில் இரத்தம் சுத்தம் செய்யும் ஒரு பெட்டி வைத்தார்கள். அந்தப் பெட்டிக்குத் தினம் இருபது லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். வீட்டுக் குழாயில் அவன் பெயருக்கு இருபது லிட்டர் வரும், அவள் பெயருக்கு ஐந்து. ஆறு வருஷமாக அப்படித்தான் அவன் உயிரோடிருந்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை குழாய்க்கு மேலே இருந்த சின்னத் திரையில் ஒரு சட்டம் வந்தது. 'நீர் இயந்திரம் ஒன்று பழுதானதால், உழைப்பில் இல்லாதோர்க்கு நன்னீர் பாதியாகக் குறைக்கப்படுகிறது. ஆதரவு: பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. மறுப்பு: இல்லை.'

செபத்தி இரண்டு தடவை படித்தாள்.

"என்னளா போட்டுருக்கான்?" என்று கட்டிலிலிருந்து கேட்டான் அருளப்பன்.

"ஒங்களுக்குப் பத்து லிட்டராம்."

"பத்துல பெட்டி ஓடாதே. பாதியிலே நின்னுருமே."

"பெட்டி நின்னா நீங்களும் நின்னுருவிய. அதான் சட்டம்."

"யாருளா இதுக்கு ஓட்டுப் போட்டது?"

"எல்லாரும்." அவள் திரையைக் காட்டினாள். "நானுந்தான் போட்டுருக்கேன். நீங்களும் போட்டுருக்கிய."

அருளப்பன் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தான். "நம்ம ரெண்டு பேரும் நல்லவங்கதாம்ளா" என்றான்.

அன்றைக்கே அவள் சபைக்குப் போனாள். பாசி எடுக்கிற உடையோடு, ஈரம் சொட்டச் சொட்ட. சபையில் மனுஷர் என்று இருந்தது ஒருவர்தான். குணசீலன், நகல் காப்பாளர். இயந்திர அறையின் தூசியைத் துடைப்பதும், சபைக்கு வைக்க வேண்டிய தீர்மானங்களை எழுதுவதும் அவர் வேலை. சாசனப்படி அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அதிகாரமே இல்லாத மனிதர்கள் இருபத்திரண்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை.

"உக்காருங்கம்மா. நாற்காலி நனையாம."

"நான் நிக்கேன். இந்தச் சட்டத்துக்கு நான் ஓட்டுப் போடல சார்."

"போட்டிருக்கீங்க. இதோ, செபத்தியம்மாள், ஆதரவு. காலையில எட்டு மணி நாலு நிமிஷம்."

"எட்டு மணிக்கு நான் தண்ணிக்குள்ள கெடந்தேன்."

"அதுக்குத்தானே நகல்! நீங்க வேலைக்குப் போகலாம், உங்க மனசு இங்க வேலை பாக்கும்." பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "வேற எந்த ஊர்லயும் இந்த வசதி கிடையாது."

"என் புருஷனச் சாகடிக்க என் மனசு ஓட்டுப் போடுமா?"

"உங்க மனசு உங்களவிடப் பெருசா இருக்கலாம் இல்லையா? நாம கோபத்துல ஒண்ணு பேசுவோம். நகல் நிதானமா, ஊர் நன்மைய யோசிச்சு முடிவெடுக்கும். அதுதாம்மா உண்மையான நீங்க."

"பழுதான இயந்திரத்த ரிப்பேர் பண்ணலாம்லா?"

"அதுக்கு நாலு நாள் எல்லாருக்கும் தண்ணி குறையும். பதினோராயிரம் பேரச் சங்கடப்படுத்தணும். இது முன்னூத்திப் பதினாறு பேரோட முடிஞ்சிரும்." முடிஞ்சிரும் என்ற சொல்லை அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"சரி. அப்போ அந்த நகலை மாத்துங்க. புதுசா கேள்வி கேளுங்க, நான் பதில் சொல்லுதேன்."

"ஒருத்தர் நகலை மாத்த சபையோட சம்மதம் வேணும். கேட்டுப் பாக்கட்டுமா?" ஒரு பொத்தானை அழுத்தினார். இவள் மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. "பாருங்க. மாத்த வேண்டாம்னு அலுவலகம் பரிந்துரைச்சிருக்கு, அதுக்குச் சபை மொத்தமும் ஆதரவு."

"அலுவலகம்னா யாரு?"

"நான்தான்" என்றார் குணசீலன், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

நீதிமன்றம் இருக்கிறதே என்று போனாள். சாசனத்தில் அழகாகத்தான் எழுதியிருந்தது: வாழும் உரிமையை எந்தச் சட்டமும் பறிக்கக் கூடாது. மூன்று நீதிபதி நகல்களுக்கும் மூன்று ஒலிபெருக்கிகள். அந்த வாரம் சீட்டில் விழுந்திருந்த மூன்று பெயர்களை வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். மூன்றாவது பெயர் செபத்தியம்மாள்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன்னிடமே போய் நியாயம் கேட்க வேண்டும். சரி, இதைவிட நல்ல நீதிபதி யாருக்குக் கிடைக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மூன்றாவது ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றாள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தாள். பெட்டி, இருபது லிட்டர், வீங்குகிற கால் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒனக்குத் தெரியாததா?" என்று கடைசியில் கேட்டாள். "ஒன் புருஷந்தான அவரு?"

ஒலிபெருக்கியிலிருந்து அவளுடைய குரலே வந்தது. அதே கரகரப்பு, அதே இழுவை. "அலுவலகத்தின் முடிவுக்கு உடன்படுகிறேன்."

"ஏளா, அவரு செத்துருவாரு!"

"அலுவலகத்தின் முடிவுக்கு உடன்படுகிறேன்."

முதல் நீதிபதி வேறு குரலில் அதையே சொன்னது. இரண்டாவதும் சொன்னது. தீர்ப்பு முடிந்துவிட்டது.

செபத்தி அங்கேயே நின்றாள். பயம் போய் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. குரல் என்னுடையது, பேச்சு என்னுடையது இல்லையே. நான் பிறந்ததிலிருந்து 'உடன்படுகிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னவள் இல்லையே. கல்யாணத்தன்று கோயிலில் சாமியார் கேட்டதற்குக்கூட 'ஆமா, பின்ன?' என்றல்லவா சொன்னேன்! அப்படியானால் அந்த அறுநூற்று நாற்பது கேள்விக்கும் பதில் எழுதியது யார்?

அப்போதுதான் நினைவு வந்தது. அவள் எழுதவில்லை.

நீங்கள் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனால் என்ன பார்ப்பீர்கள்? வாசலில், மரத்தடியில், ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நம் பெயரையும் அப்பா பெயரையும் கேட்டு, மற்றதையெல்லாம் அவரே நிரப்பி, 'இங்க ஒரு கையெழுத்து' என்பார். படித்தவர்களும் அவரிடம்தான் போவார்கள். தப்பாக எழுதி ஜன்னலில் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பதினொரு அறிஞர்களும் இந்த மனிதரைச் சாசனத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள். அவர்கள் எந்தக் காலத்தில் வரிசையில் நின்றார்கள், தெரிவதற்கு?

முத்துத்திட்டில் அந்த மனிதர் பெயர் பொனிப்பாஸ். இப்போது எழுபத்து நான்கு வயது. மூன்றாம் அடுக்கில் மகள் வீட்டில் தங்கி, இன்னமும் ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். செபத்தி போனபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஊருக்கு வந்த புதுசுல ஒரு தடிப் படிவம் எழுதுனியளே, ஞாபகம் இருக்கா? அறுநூத்தி நாப்பது கேள்வி."

"அத மறக்க முடியுமா! வெரல்ல காய்ச்சே வந்துச்சு. ரூம் ஒதுக்குறதுக்கான படிவம்லா அது?"

"ரூமுக்கு இல்ல அண்ணாச்சி. நகல் செய்யுறதுக்கு."

"எனக்கு யாரு சொன்னா? ஜன்னல்ல இருந்தவன் 'சீக்கிரம், சீக்கிரம்'னான். நல்ல மழை. கொழந்த குட்டியோட ஜனம் நனைஞ்சிட்டு நிக்கி."

"என்ன எழுதுனிய?"

"ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டு கட்டம். ஒண்ணுல 'அலுவலகத்தின் முடிவுக்கு உடன்படுகிறேன்'. இன்னொண்ணுல 'மறுக்கிறேன்'. மறுக்கிறேன்னு போட்டா தனித்தாள்ல காரணம் எழுதணும், ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கணும். ஒரு கேள்விக்கு ஒரு தாளு! மழையில எவன் சாட்சிக்கு வருவான்?" பொனிப்பாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எல்லாத்துக்கும் முதக் கட்டம். ஒரு படிவம்கூடத் திரும்பி வரல, தெரியுமா? ஒண்ணுகூட!" அதில் அவருக்கு இன்றைக்கும் பெருமை.

"எத்தன பேருக்கு எழுதுனிய?"

"பாதி ஊருக்கு நான் எழுதினேன். மீதிப் பாதி, நான் செவுத்துல ஒட்டி வெச்ச மாதிரிப் படிவத்தப் பாத்து எழுதுனாவ. அப்புறம் பதினெட்டு வயசானவன் எல்லாம் அந்த மாதிரியத்தான் பாத்து எழுதுதான். இன்னும் ஒட்டியிருக்கு, போய்ப் பாரு."

செபத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பொனிப்பாஸ் மூடர் இல்லை. அவள் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. முகம் வெளுத்தது. "அப்போ சபையில இருக்கிறது?"

"நீங்கதான்."

"நிர்வாகக் குழு?"

"நீங்க."

"ஜட்ஜு?"

"மூணு பேரும் நீங்கதான் அண்ணாச்சி. ஒங்க மேல கொற சொல்லி ஒங்ககிட்டயே அப்பீல் பண்ணுனேன்."

"எம்மா மாதாவே" என்றார் பொனிப்பாஸ். "எங்க வீட்டுலயே எம் பேச்ச யாரும் கேக்குறதில்லையே!"

அறிஞர்கள் கட்டிய மூன்று கோபுரங்களும் மழைக்கு அவசரப்பட்ட ஒரு மனிதரின் பேனா நுனியில் நின்றுகொண்டிருந்தன. அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தார்களாம். ஒரே மாவை மூன்று தட்டில் வைத்தால் அது மூன்று பலகாரமாகிவிடுமா?

ஆனால் பொனிப்பாஸுக்கு ஒரு திறமை உண்டு. எந்தத் தாள் எந்த ஜன்னலில் செல்லும் என்று தெரியும். மறுநாள் காலையில் சாசனத்தைப் புரட்டி, நாற்பத்தொன்றாம் பிரிவைக் கண்டுபிடித்தார். குடியிருப்போர் எவரும், உரிய படிவத்தில் எழுதிக் கொடுத்தால், சபையின் முன் தீர்மானம் வைக்கலாம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் வைத்ததில்லை. நகல்தான் பார்த்துக்கொள்கிறதே!

"எதையும் கேள்வியா எழுதக் கூடாது" என்றார் பொனிப்பாஸ். "மேல அலுவலகத்து முத்திரை இருக்கணும், 'முடிவு செய்யப்பட்டுள்ளது'ன்னு முடியணும். என் நகல்தானே, எனக்குத் தெரியாதா? அத மட்டும் பாத்தா கையெழுத்துப் போட்டுரும்."

'பாதி நீர்ச் சட்டம் ரத்து செய்ய முடிவு செய்யப்பட்டுள்ளது' என்று எழுதினார். குணசீலன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிவத்தில் பிழையில்லை, வாங்க மறுக்க அவருக்கு அதிகாரமில்லை. முத்திரை குத்திச் சபையில் வைத்தார். ஆதரவு பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. மறுப்பு இல்லை. குழாயில் இருபது லிட்டர் வந்தது.

அன்று மாலையே குணசீலன் பாதி நீர்ச் சட்டத்தை மறுபடி வைத்தார். ஆதரவு பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. குழாயில் பத்து லிட்டர்.

மறுநாள் காலை செபத்தி ரத்து. மாலை குணசீலன் சட்டம். ஆறு நாள் இப்படியே நடந்தது. சாசனத்தின் இறுதிக் காவலான நீதிமன்றம் இரண்டும் செல்லும் என்று தினம் இரண்டு வேளை தீர்ப்பு சொன்னது. ஊர் ஜனம் திரையைப் பார்த்து, 'சபை சுறுசுறுப்பாயிடுச்சு' என்று பேசிக்கொண்டது. அருளப்பனின் பெட்டி ஒரு வேளை ஒழுங்காக ஓடியது, மறு வேளை பாதியில் கூவிக்கொண்டு நின்றது. அவன் கணுக்கால் வீங்கி, செபத்தி விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மூச்சும் வாங்க ஆரம்பித்தது.

ஏழாம் நாள் அவள் பொனிப்பாஸிடம் வேறு ஒரு தீர்மானம் எழுதச் சொன்னாள்.

குணசீலன் அதைப் படித்துவிட்டு முதல் தடவையாக நாற்காலியைவிட்டு எழுந்தார். "என்னம்மா இது! 'நகல்கள் யாவும் இன்றே கலைக்கப்பட முடிவு செய்யப்பட்டுள்ளது'ன்னா? தன்னைத்தானே அழிச்சுக்க ஒரு சபை சம்மதிக்குமா?"

"கேட்டுப் பாருங்க சார்."

"இது உலகமே மெச்சின சபை!"

"சார், ஒங்க படிவத்த யாரு எழுதுனா?"

குணசீலன் பொனிப்பாஸைப் பார்த்தார். பொனிப்பாஸ் கூரையைப் பார்த்தார். முத்திரை விழுந்தது, தாள் உள்ளே போனது.

ஆதரவு: பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. மறுப்பு: இல்லை.

இயந்திர அறையில் ஓடிக்கொண்டிருந்த காற்றாடிகள் ஒவ்வொன்றாக நின்றன. நகல்கள் போட்ட பாதி நீர்ச் சட்டமும் அவற்றோடு போனது. தன்னைக் கொல்கிற தாளில்கூட ஒரு நிமிஷம் தயங்காத அரசாங்கத்தை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இத்தனை நாள் அதுதான் அவர்களை ஆண்டது.

நகல் இல்லாத நாளில் ஆட்களே கூடி முடிவெடுக்கலாம் என்று சாசனத்தின் கடைசிப் பக்கத்தில் அலங்காரத்துக்கு ஒரு வரி இருந்தது. மறுநாள் காலை வலை உலர்த்தும் பெரிய தளத்தில் கூட்டம் போட்டார்கள். பதினோராயிரம் பேருக்கும் அழைப்பு போனது. வந்தது அறுநூறு பேர். மற்றவர்களுக்கு வேலை இருந்ததாம். தலைமை தாங்க யாரும் முன்வராததால் குணசீலனே தாங்கினார். அவருக்கு நாற்காலியும் கொண்டுவந்து போட்டார்கள்.

செபத்தி அருளப்பனைக் கட்டிலோடு தூக்கிவரச் செய்திருந்தாள். பெட்டியும் பக்கத்தில். சுற்றிலும் தெரிந்த முகங்கள். அடுத்த அறை வியாகுல மைனி. அருளப்பனோடு முங்கிய ஆட்கள். அவளோடு பாசி எடுக்கும் பெண்கள். இனி நகல் இல்லை, மனுஷர்தான் இருக்கிறார்கள், இனி பயமில்லை என்று அவளுக்கு ஒரு தைரியம் வந்தது.

குணசீலன் எழுந்து கனைத்தார். "பழுதைக் கருதி, உழைப்பில் இல்லாதோர்க்கு நீர் பாதியாகக் குறைக்க அலுவலகம் முடிவு செய்துள்ளது. உடன்படுவோர் கை தூக்கலாம்."

அறுநூறு கைகளும் மேலே போயின.

உடனே போயின, என் கண்களே. கேட்டு முடிக்கும் முன்பே. வியாகுல மைனியின் கை போனது. முங்குகிற ஆட்களின் கை போனது. பொனிப்பாஸின் கைகூடப் போனது. பிறகு அதைத் தானே பார்த்துத் திடுக்கிட்டார், ஆனாலும் இறக்கவில்லை. செபத்தி திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே, வீங்கிய விரல்களோடு, அருளப்பனின் கையும் உயர்ந்திருந்தது.

பொனிப்பாஸ் எழுதிய படிவங்களில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

"மறுப்போர் உண்டா?" என்று வழக்கத்துக்காகக் கேட்டார் குணசீலன்.

"நான்."

"தனித்தாள்ல காரணம் எழுதி, ரெண்டு சாட்சி..."

"எழுத்தெல்லாம் வேண்டாம் சார்." அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு குடங்களை இழுத்து வெளியே வைத்தாள். காலையில் பிடித்த தண்ணீர், தளும்பத் தளும்ப. "இது அவருக்கு இன்னைக்கு உள்ள தண்ணி. ரெண்டு கொடம். பாதின்னா ஒண்ணு. கை தூக்குனவுகள்ள ஒரே ஒரு ஆளு வந்து, ஒரு கொடத்த எடுத்துட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

யாரும் அசையவில்லை.

"என்ன மைனி, கை தூக்குனிய. வாங்க."

"நான் எதுக்குளா..." என்று வியாகுல மைனி முந்தானையைச் சரிசெய்தாள்.

"அதுக்குன்னு ஊழியர் வருவாங்கம்மா" என்றார் குணசீலன். "நிறைவேற்றுவது வேற துறை."

"சட்டம் போட்ட கையி இங்கதான இருக்கு? அறுநூறு கையி! ஒரு கொடம் தூக்க ஒரு கையி இல்லையா?"

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூக்கியிருந்த கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தன, மூக்கைத் தடவின, மடிக்குள் போயின. வேறு வழியில்லாமல் குணசீலனே வந்தார். குனிந்து ஒரு குடத்தின் கழுத்தைப் பிடித்தார்.

கட்டிலிலிருந்து அருளப்பன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "பாத்து சார். பாரமா இருக்கும். இடுப்பப் புடிச்சிரும்."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அவன் சுபாவமே அப்படி. குணசீலன் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். எத்தனையோ ஆயிரம் தீர்மானம் எழுதியவர், இதுவரை ஒரு முகத்தைப் பார்த்து எழுதியதில்லை. குடத்திலிருந்து கையை எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு, நாற்காலிக்குத் திரும்பினார். "அடுத்த பொருளுக்குப் போவோம்" என்றார்.

சட்டம் தோற்றது என்று யாரும் அறிவிக்கவில்லை. குடம் இருந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். இவர்களெல்லாம் நல்லவர்களாக மாறிவிட்டார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வெயில் ஏறுகிறது, அடுப்பில் சோறு குழைந்துவிடும் என்று ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். இயந்திரத்தைப் பழுது பார்த்தார்கள். நாலு நாள்கூட ஆகவில்லை, இரண்டரை நாள். சபை வாசல் பலகையை யாரோ கழற்றிக் கோழிக் கூண்டுக்குக் கதவாக்கிக்கொண்டார்கள். அது உருப்படியான வேலை.

தளம் காலியான பிறகு செபத்தி இரண்டு குடத்தையும் பெட்டியில் ஊற்றினாள். பெட்டி முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"ஏளா, நானும் கை தூக்கிட்டேன்" என்றான் அருளப்பன்.

"பாத்தேன்."

"கோவமா?"

"எதுக்குத் தூக்குனிய?"

அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். "சார் கேட்டாவ" என்றான். "எல்லாரும் தூக்குனாவ."

அவள் அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து, பிள்ளையைப் போர்த்துவதுபோல் ஓரங்களைச் செருகிவிட்டாள்.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள் என் செல்வங்களே. உங்கள் வீட்டுக் குடம் வற்றாமல் இருக்கட்டும். அடுப்பு அணையாமல் இருக்கட்டும். படுத்தவர்கள் எழுந்து நடக்கட்டும், பிறந்தவர்கள் நூறு வயது இருக்கட்டும். ஊரே கை தூக்குகிற நாளில், உங்கள் வீட்டில் ஒருவராவது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்.